கன்னி நாய்க்குப் பல் தேய்த்த ஏழு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தில் வலது மேல் கடைவாயின் பெரிய பல்லைச் சுற்றி ஈறு வெளிர்ச் சிவப்பாக, விளிம்பு மெலிந்து, பல்லோடு படிந்து நிற்கிறது. ஏழு மாதத்துக்கு முன் அதே பல்லில் பாதிக்கு மேல் பழுப்புக் காரை, அதாவது கல்லாக இறுகிய பல் அழுக்கு. ஈறு விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ரத்தச் சிவப்புக் கோடு. இடையில் செய்தவை, பலித்தவை, நாட்களை வீணாக்கியவை எல்லாம் நடந்த வரிசையிலேயே கீழே.

நாய் கன்னி இனம், ஆண், 4 வயது, 19 கிலோ. திருநெல்வேலிக்கு அருகே மானூர் பக்கத்துத் தோட்ட வீடு. காலையில் தயிர்ச்சோறு, ராத்திரி வேகவைத்த கோழி பிசைந்த சோறு. இரண்டுமே பல்லிடுக்கில் ஒட்டுகிற தீனி. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடம் தவறாமல் போடப்பட்டிருக்கிறது. இதை முதலிலேயே சொல்ல ஒரு காரணம் உண்டு. தடுப்பூசி போடாத நாயின் வாய்க்குள் இந்த வேலைக்காகக் கை போகக்கூடாது. எச்சில் ஒழுகி, கீழ்த்தாடை தொங்கி, குரல் மாறிய நாயைப் பார்த்தால் ‘தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும்’ என்று விரலை விட்டுத் துழாவுவது நம் பக்கத்தில் நடக்கிறது. வெறிநோய்க்கும் அதே அடையாளங்கள்தான். அப்படி ஒரு நாய் என்றால் கையை எட்ட வைத்துக்கொண்டு, மருத்துவரைக் கூப்பிடுவது மட்டுமே வேலை. வீட்டு நாயே ஆனாலும் தேய்க்கும்போது பல் கீறி ரத்தம் வந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

முதல் வாரம்: பார்த்தது

வளர்ந்த நாய்க்கு 42 பல். மேலே 20, கீழே 22. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் நாய் அடுத்த நாளே தலையைத் திருப்பிக்கொள்ளும். வாயைத் திறக்கவே வேண்டாம். மூடிய வாயில் மேலுதட்டை மட்டும் பெருவிரலால் தூக்கினால் வெளிப்பக்கம் முழுக்கத் தெரியும். ஒருவர் உதட்டைத் தூக்க, இன்னொருவர் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தார். பக்கத்துக்கு ஒரு படம், முன்பல்லுக்கு ஒன்று, மொத்தம் மூன்று. ஒவ்வொரு ஞாயிறும் அதே இடம், அதே வெளிச்சம். படம் இல்லாவிட்டால் ‘குறைந்த மாதிரி இருக்கிறது’ என்று கண் நம்பிவிடும்.

மதிப்பெண் போட்ட முறை எளிது. காரை இல்லையென்றால் 0, பல்லின் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் 1, மூன்றில் இரண்டு பங்கு வரை 2, அதற்கு மேல் 3. கோரைப்பற்கள் நான்கும் 1. மேல் கடைவாயின் பெரிய பல், அதாவது முன்கடைவாய்ப் பற்களில் நான்காவது, வலப்பக்கம் 3, இடப்பக்கம் 2. அந்தப் பல்லில்தான் காரை எப்போதும் அதிகம் சேரும். கன்னத்து எச்சில் சுரப்பியின் குழாய் அதற்கு நேராகத் திறக்கிறது. எச்சிலில் இருக்கும் சுண்ணச் சத்து அங்கேதான் முதலில் படிகிறது. கீழ் முன்பல்லில் நடுவில் ஒன்று விரல் பட்டால் ஆடியது.

ஈற்று நிறத்தில் ஒரு சிக்கல். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈற்றில் கருந்திட்டு இருக்கும், அது நோயில்லை. ஆனால் கறுத்த ஈற்றில் சிவப்பு தெரியாது. அங்கே விளிம்பைப் பார்க்கவேண்டும். நல்ல ஈறு கத்தி முனை மாதிரி மெலிந்து முடியும். வீங்கிய ஈறு உருண்டு, பளபளத்து, தொட்டால் கசியும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: சுரண்டியது

இதுதான் பெரிய தவறு. இணையத்தில் 180 ரூபாய்க்கு எஃகுக் கொக்கி ஒன்று வாங்கி, இடது கோரைப்பல்லில் இருந்த காரையைச் சுரண்டினோம். காரை துண்டாகக் கழன்று விழுந்தது, பல் வெள்ளையாகத் தெரிந்தது. அன்று மகிழ்ச்சிதான். மறுநாள் நகத்தை ஓட்டிப் பார்த்தபோது பல் சொரசொரப்பாக இருந்தது. பத்து நாளில் அந்த இடத்தில்தான் மஞ்சள் படலம் மற்ற பற்களைவிடச் சீக்கிரம் பிடித்தது. கொக்கி பல்லின் மேற்பூச்சில் கீறல் விடுகிறது. கீறலில் அழுக்கு நன்றாக உட்காருகிறது. மருத்துவர் காரையை எடுத்த பிறகு பல்லை மெருகேற்றுவது அதற்காகத்தான். அதைவிட முக்கியமானது, கண்ணுக்குத் தெரிகிற காரை ஈற்றை அவ்வளவாகத் தின்பதில்லை. ஈற்றுக்கு அடியில் ஒளிந்திருப்பதுதான் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கிறது. விழித்திருக்கும் நாய்க்கு அங்கே எந்தக் கருவியும் போகாது. தலையை ஒருமுறை உதறினால் கொக்கி ஈற்றைக் கிழிக்கும். மயக்கமில்லாமல் சுத்தம் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னாலும் இதே கதைதான்.

அதே வாரங்களில் பிரஷ்ஷையும் வைத்துப் பார்த்தோம். இருக்கிற காரை பிரஷ்ஷுக்கு அசையாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் பல்லில் வழவழப்பான படலம் கூடத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் எச்சிலின் சுண்ணம் ஏறிக் கல்லாகிவிடும். வீட்டில் நம்மால் எடுக்க முடிவது அந்தப் படலத்தை மட்டும்தான், அதுவும் கல்லாகும் முன். இந்த ஒரு கணக்கு புரிந்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை: வாயைத் தொடப் பழக்கியது

கன்னியும் சிப்பிப்பாறையும் ஓட்டத்துக்கு வளர்ந்த நாய்கள். பிடித்து அமுக்கினால் உறைந்து நிற்கும், அடுத்த நாள் கூப்பிட்டால் வராது. கொக்கி வேலை முடிந்த வாரத்தில் எங்களைக் கண்டாலே புறவாசலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த நம்பிக்கையை மீட்கவே முதல் நான்கு நாள் போனது.

இடத்தை மாற்றினோம். சுரண்டியது திண்ணையில், பழக்கியது தார்சாவில், அதாவது வீட்டின் முன்கட்டில். ராத்திரித் தீனிக்கு முன், பசி லேசாக இருக்கும் நேரம். நாய்க்கு எதிரே உட்காராமல், அதன் பக்கத்தில், இருவரும் ஒரே திசையைப் பார்த்த மாதிரி. உப்பும் வெங்காயமும் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீர் கால் டம்ளர். முதல் நான்கு நாள் விரலில் தொட்டு நக்கக் கொடுத்தது மட்டும். அடுத்த ஐந்து நாள் உதட்டை இரண்டு விநாடி தூக்கிவிட்டு உடனே விரலை நக்க விட்டது. பிறகு ஆட்காட்டி விரலில் காஸ் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, கோழித் தண்ணீரில் நனைத்து, கோரைப்பல்லை மட்டும் மூன்று தடவை துடைத்தது. துணியில் மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டியது. அதுதான் படலம். பின்னால் இதையே சோதனையாக வைத்துக்கொண்டோம். தேய்த்து முடித்த பிறகு சுத்தமான காஸால் துடைத்துப் பார்த்து மஞ்சள் வந்தால், அந்தப் பல்லில் பிரஷ் படவில்லை என்று அர்த்தம்.

எந்தக் கட்டத்திலும் நாய் தலையை இழுத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, மறுநாள் ஒரு படி முந்தைய இடத்தில் தொடங்கவேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று நீட்டிய இரண்டு நாளும் பின்னடைவில் முடிந்தன.

ஏழாம் வாரம்: மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்தது

திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்துக்கு ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-இல் தொடங்கியது. தனியார் மருத்துவமனைகளும் உண்டு. எங்கே போனாலும் கேட்கவேண்டியவை சில. மயக்கத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை உண்டா, தொண்டைக்குள் சுவாசக் குழாய் வைப்பார்களா, ஈற்றுக்கு அடியிலும் சுத்தம் செய்வார்களா, முடிந்ததும் மெருகேற்றுவார்களா. சுவாசக் குழாய் இல்லாவிட்டால் கருவி பீய்ச்சும் தண்ணீரும் காரைத் தூளும் நுரையீரலுக்குள் போக வாய்ப்பிருக்கிறது.

கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று சொல்லவேண்டும். கிரேஹவுண்டு போன்ற கொழுப்பில்லாத ஓட்ட நாய்களுக்குத் தயோபென்டோன் வகை மயக்க மருந்து தெளிய மிகவும் நேரமாகும். நம் நாய்களும் அதே உடல்வாகு என்பதால் முன்கூட்டியே சொன்னோம். மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தார். முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு தீனி இல்லை. அளவுகோல் போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈற்றின் ஆழத்தை அளந்தார். நல்ல ஈற்றில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இறங்கும். வலது பெரிய பல்லில் ஓரிடத்தில் 4. ஆடிய முன்பல்லைப் பிடுங்கவேண்டியதாயிற்று. மற்ற 41-ம் நின்றன.

ரத்தப் பரிசோதனை, மயக்கம், சுத்தம், பிடுங்கியது, வலி மருந்து சேர்த்து 6,200 ரூபாய்.

எட்டாம் வாரம்: கசப்பு மருந்தால் வந்த பின்னடைவு

ஈறு ஆறும்வரை ஒரு வாரம் குழைந்த சோறும், நாளுக்கு இரண்டு வேளை குளோர்ஹெக்சிடின் என்ற வாய்க் கிருமிநாசினியும் சொன்னார்கள். மெடிக்கலில் 0.2 சதவீதம் கிடைக்கிறது. சம அளவு ஆறிய வெந்நீர் கலந்தால் 0.1. ஊசி கழற்றிய சிரிஞ்சால் பக்கத்துக்கு ஒரு மில்லி, உதட்டோரத்தில் கன்னப் பைக்குள் மெதுவாக. வாங்கும்போது பாட்டிலில் ஒட்டிய சீட்டில் ஆல்கஹால், சைலிட்டால் இரண்டும் இல்லையென்று பார்த்து வாங்கவேண்டும். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பான சைலிட்டால் நாய்க்கு விஷம். ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கும், ஈரலைக் கெடுக்கும்.

வாரம் முடிந்ததும் ‘மருந்து வீணாகவேண்டாமே’ என்று மிச்சத்தைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தோம். அது நல்ல கசப்பு. இரண்டே நாளில் பிரஷ்ஷைக் கண்டால் பல்லை இறுகக் கடித்துக்கொண்டது. மூன்று வாரமாகப் பழக்கியது போய், மறுபடி கோழித் தண்ணீரிலிருந்து தொடங்கிப் பத்து நாள். மருந்து கொடுப்பது ஒரு நேரம், ஒரு இடம். தேய்ப்பது வேறு நேரம், வேறு இடம். இரண்டும் கலக்கக்கூடாது. மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் அந்த மருந்தை இழுத்தால் பல்லில் பழுப்புக் கறையும் ஏறும்.

பத்தாம் வாரம் முதல்: பிரஷ்

நாய்க்கென்று விற்கும் ரப்பர் விரல் உறையும் ஒரு கடையில் கையில் கிடைத்தது. கன்னிக்கு அது சரிப்படவில்லை. முகம் நீளம், கன்னம் ஒட்டியது, பெரிய பல்லுக்கு விரல் போகும்போது உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே இடமில்லை. ரப்பர் முள்ளும் ஈற்று விளிம்பில் இறங்குவதில்லை. கடைசியில் நின்றது 35 ரூபாய்க் குழந்தைப் பிரஷ். மிக மென்மையான நார், தலை இரண்டு சென்டிமீட்டருக்குள், கைப்பிடி நேராக. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினோம். நார் விரிந்துவிட்டால் ஈற்று விளிம்பில் நிற்காது.

பேஸ்ட் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கவேண்டும். நம் பேஸ்ட் வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். ஃபுளோரைடும் நுரை வரவைக்கும் சரக்கும் வயிற்றைக் கெடுக்கும், சிலவற்றில் சைலிட்டாலும் இருக்கும். உப்பு, சோடா மாவு, கிராம்புத் தைலம், பல்பொடி ஒன்றும் வேண்டாம். பல்பொடியின் கரகரப்பு மேற்பூச்சைத் தேய்க்கும். வேப்பங்குச்சி நமக்குச் சரி. நாய் அதைக் கடித்து நாரைப் பல்லிடுக்கில் செருகிக்கொள்ளும். நாய்ப் பேஸ்ட்டு 70 கிராம் 290 ரூபாய், கோழி வாசம். துவரம்பருப்பு அளவு போதும், அரை கிராம்கூட வராது. பிரஷ்ஷின் மேலே வைத்தால் முதல் நக்கில் போய்விடும். விரலால் நாருக்குள் அமுக்கிவிடவேண்டும். சித்திரை வெயிலில் பேஸ்ட்டு இளகி வழிந்தது, அதிலிருந்து ஃபிரிட்ஜில். பேஸ்ட்டு வாங்க முடியாவிட்டால் வெறும் கோழித் தண்ணீரும் போதும். அழுக்கை எடுப்பது நார், பேஸ்ட்டு நாயை நிற்கவைக்கிறது.

தேய்க்கும் விதம்: வாய் மூடியிருக்கவேண்டும். இடக்கைப் பெருவிரலால் உதட்டைத் தூக்கி, நார் பாதி பல்லிலும் பாதி ஈற்று விளிம்பிலும் படும்படி 45 பாகை சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக. அழுத்தம் பிரஷ்ஷை மூன்று விரலால் பேனா மாதிரிப் பிடித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. கை முழுக்கப் பொத்திப் பிடித்தால் அழுத்தம் கூடிவிடும். கோரைப்பல்லில் தொடங்கிப் பின்னால் போய், பெரிய பல்லில் நின்று பத்து வட்டம். கீழ்ப்பல்லுக்கு உதட்டோரத்தைக் கீழே இழுத்தால் போதும். முன்பல் கடைசி, மூக்குக்குக் கிட்டே என்பதால் எல்லா நாய்க்கும் அதுதான் பிடிக்காது. உள்பக்கத்தை விட்டுவிடலாம். நாக்கு உரசுவதால் அங்கே காரை குறைவாகவே சேரும். தொடக்கத்தில் கோரைப்பல் மட்டும் 10 விநாடி. பதினான்காம் வாரத்தில் முழுவாயும் 90 விநாடி.

ஒருநாள் விட்டால் கெட்டுவிடாது. மூன்று நாள் விட்டால் கல் ஏறத் தொடங்கும். அறுவடை வாரத்தில் நான்கு நாள் விட்டுப்போனது அடுத்த ஞாயிற்றுப் படத்திலேயே பெரிய பல்லில் மஞ்சள் கோடாகத் தெரிந்தது.

ரத்தம். ஈறு வீங்கியிருந்தால் முதல் வாரம் பிரஷ்ஷில் லேசாகச் சிவப்பு ஒட்டும். அதற்காக நிறுத்தக்கூடாது. தேய்க்கத் தேய்க்கப் பத்துப் பதினைந்து நாளில் நின்றுவிடும். நிற்கவில்லை, அல்லது ஈற்றில் ஊசிமுனை போலச் சிவப்புப் புள்ளி, அல்லது ஈறு முழுக்க வெளுப்பு என்றால் அது பல் சமாசாரமாக இல்லாமலும் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணு குறைந்தாலும் ஈறு கசியும். நம் பக்கம் மழைக்குப் பின் உண்ணி காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் கொத்தாக ஏறும் காலத்தில் இதை மனதில் வைக்கவேண்டும். ஈற்றை விரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் பிரஷ்ஷை வைத்துவிட்டு வண்டியை எடுக்கவேண்டியதுதான். கண்ணுக்குக் கீழே திடீர் வீக்கம் வந்தாலும் அப்படியே. பெரும்பாலும் மேல் பெரிய பல்லின் வேரில் சீழ் கோத்திருக்கும்.

கடிக்கக் கொடுத்தவை

“எலும்பு கடிச்சாப் பல்லு தானா சுத்தமாயிரும்” என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. எலும்பு கடிக்கும் நாயின் பல் நுனி வெள்ளையாக இருக்கும், உண்மை. ஈற்று விளிம்பில் படலம் அப்படியே இருக்கும். சூப்பு போட்ட ஆட்டுக்கால், நல்லி எலும்பு, மாட்டுக் குளம்பு இவை பல்லைவிட விட்டுக்கொடுக்காதவை. மேல் பெரிய பல்லின் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்துவிடும். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக முறிந்து குடலைக் குத்தும். எதையும் கொடுக்குமுன் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கவேண்டும். நகம் பதியாவிட்டால் பல்லுக்கு ஆகாது.

தேங்காய்க் கதம்பையை, அதாவது உரித்த மட்டையை, நாய் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். நகம் பதிகிற பொருள்தான், ஆனால் 17-ஆம் வாரத்தில் இடது கடைவாயில் ஈற்றுக்குள் கதம்பை நார் ஒன்று செருகி, அந்த ஓரிடம் மட்டும் சிவந்து நாற்றம் வந்தது. வெளியே தெரிந்த நுனியைப் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது, நான்கு நாளில் சிவப்பு இறங்கியது. இப்போது உரிமட்டை பக்கம் நாய் போகாமல் பார்க்கிறோம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று நாறினாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ முதலில் இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். டென்னிஸ் பந்தும் போய்விட்டது. அதன் பஞ்சில் மண் ஏறினால் உப்புத்தாள் மாதிரி. எங்கள் செம்மண்ணில் ஒரு மாதத்தில் கோரைப்பல்லின் கூர் மழுங்கியது படத்தில் தெரிந்தது. பச்சைக் கேரட் வாரம் இரண்டு. சேதமில்லை, பிரஷ்ஷுக்கு ஈடுமில்லை.

அல்வா, கருப்பட்டி மிட்டாய், பிஸ்கட் நிறுத்தியாகிவிட்டது. நாய்க்குச் சொத்தை அபூர்வம்தான். ஆனால் ஒட்டுகிற தீனி படலத்துக்கு உணவு.

கணக்கு

பிரஷ் நான்கு 140, காஸ் இரண்டு சுருள் 90, பேஸ்ட்டு இரண்டு குழாய் 580 (முதல் குழாய் நாலரை மாதம் வந்தது, இரண்டாவது இப்போதுதான் திறந்தது), குளோர்ஹெக்சிடின் 95, சிரிஞ்சு 10. வீட்டுச் செலவு 915 ரூபாய். கொக்கிக்குப் போன 180 வீண். மருத்துவமனை 6,200. மொத்தம் 7,295.

இன்றைய மதிப்பெண்: கோரைப்பல் நான்கும் 0. இடது பெரிய பல் 0. வலது பெரிய பல் 1, பின்விளிம்பில் மெல்லிய கோடு. வலக்கையால் தேய்ப்பவருக்கு நாயின் வலது பின்பக்கம் கோணம் சரியாக வருவதில்லை. போன வாரம் முதல் அந்தப் பக்கத்தை இடக்கையால் தேய்க்கிறோம். 4 மில்லிமீட்டர் பள்ளம் மூடியிருக்கிறதா என்று அடுத்த பரிசோதனையில் அளந்தால்தான் தெரியும்.

அடுத்த முறை மாற்றவேண்டியது வரிசை. முதலில் மருத்துவர், பிறகு பிரஷ். கொக்கி எந்த இடத்திலும் இல்லை. குட்டியாக வந்தால் எட்டு வாரத்திலேயே உதட்டைத் தூக்கப் பழக்கலாம், அப்போது 28 பால்பல் மட்டும். நாலாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை பல் விழுந்து முளைக்கும்போது ஈறு நோகும். அந்த நாட்களில் பிரஷ் வேண்டாம், காஸ் மட்டும். ஏழாம் மாதத்தில் கோரைப்பல் இடத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும். புதுப்பல் வந்த பிறகும் பால்பல் பக்கத்தில் நின்றால் இரண்டுக்கும் நடுவே தீனி அடைந்து ஈறு அங்கேதான் முதலில் கெடும். அதை வீட்டில் குறடு வைத்துப் பிடுங்கக்கூடாது. பால்பல்லின் வேர் நீளம், முறிந்தால் உள்ளேயே தங்கிவிடும். படம் எடுத்து மருத்துவரிடம் காட்டவேண்டும்.